‘இல்லை’ என்று எழுதிய இடங்கள்

எங்கள் அலுவலகத்தில் தவளையக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். தபால் கொண்டுவருபவர்கூட "தவளையக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. இருபத்தாறு வருடமாகத் தவளைகளை எண்ணிக்கொண்டிருப்பவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? மேலாளருக்குப் பவர்பாயிண்ட் என்று பெயர், அது அவருக்குத் தெரியாது. எல்லோரும் எழுதித் தருவதை ஒட்டித் தைத்து அறிக்கையாக்கும் எனக்குத் தையல் என்று பெயர். அது எனக்குத் தெரியும்.

வாசலில் பச்சை எழுத்தில் ‘சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம்’ என்று பலகை இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் நாங்கள் நாளெல்லாம் மரம் நடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. யாராவது கிடங்கோ சாலையோ கட்ட வேண்டுமென்றால், அதற்கு முன்பு அந்த நிலத்தில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று ஒரு அறிக்கை வேண்டும். அதை எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. செடிகொடிக்கு ஒருவர், பறவைக்கு ஒருவர், தவளைக்கு அக்கா.

தவளையைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது, காதால்தான் எண்ண வேண்டும். இருட்டுகிற நேரத்தில் அக்கா குளத்தங்கரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பார். பிறகு நூறடி தள்ளிப் போய் இன்னொரு பத்து நிமிடம். எந்தக் குரல், எத்தனை என்று படிவத்தில் குறிப்பார். இரண்டு பேர் கேட்க வேண்டும் என்றுதான் கையேட்டில் இருக்கிறது. அந்த இரண்டாவது ஆள் பவர்பாயிண்ட். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் உட்கார்ந்து போன் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போடுவார். அக்காவின் காதுக்கு அப்படி ஒரு மதிப்பு. அவர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

எல்லாத் தவளையும் ஒன்றில்லை. ஊசித்தவளை என்று நாங்கள் சொல்லும் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், குரல் ஊசியாகக் காதில் இறங்கும். அரிதான சாதி. அது ஒன்று இருந்தால்கூடக் குளத்தை மூட முடியாது, திட்டத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் ஒவ்வொரு அறிக்கையிலும் அதற்கென்று தனியாக ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறேன், நின்று கேட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். சில வருடங்களாக அந்தக் கட்டங்களில் ‘இல்லை’ என்றே வந்துகொண்டிருந்தது. கணினியில் மேல் கட்டத்தில் ஒரு தடவை அடித்துவிட்டுக் கீழே இழுத்துவிட்டால் போதும், எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர் போன வருடக் கடைசி விடுமுறையில் தவறிப்போனார். சில மாதங்களாகவே ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தவர். பிள்ளைகள் கிடையாது. விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்றே அக்கா வந்துவிட்டார். நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒன்றாக ஆறுதல் சொன்னோம். அவர் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு, நின்றுபோயிருந்த படிவத்தை எடுத்து மிச்சத்தை எழுதினார். அழவில்லை. அதற்குப் பிறகும் அழுது நான் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். மேசையில் போன் மெல்லமாக அடித்தால் எடுக்க மாட்டார், நான்தான் எழுந்து போய்த் தட்டிச் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். துக்கம்தான், அதற்காக எத்தனை மாதம் என்று மனதுக்குள் முணுமுணுத்திருக்கிறேன்.

ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவராகவே சொன்னார்.

"அவர் போனப்புறம் எல்லாமே அடங்கிப்போச்சு, தையல். குளத்துக்குப் போனாக்கூட முன்ன மாதிரி இல்ல. ஏதோ கதவைச் சாத்தின மாதிரி இருக்கு."

"கொஞ்ச நாள் அப்படித்தான்க்கா இருக்கும்."

அப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வருடக் கடைசி வந்தால் பவர்பாயிண்டுக்குக் கை சும்மா இராது. பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டதும் ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ என்று ஒன்றைக் கிளப்பிவிடுவார். எல்லோருக்கும் பச்சை பனியன், ஒரு பேனர், பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை. அதில் எடுத்த படம் ஒன்றைப் போட்டு வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் விடுமுறை வாழ்த்து அனுப்புவார். வருடம் முழுக்கக் குளத்தை மூட வழி சொல்லிவிட்டு, வருடக் கடைசியில் குளத்தைக் காப்போம் என்று பேனர் பிடிப்போம். அந்தப் பேனரின் ஒரு முனையைப் பத்து வருடமாக நான்தான் பிடிக்கிறேன். கை வலிக்கும், அவ்வளவுதான்.

இந்த வருடம் தவளை நடை என்று முடிவானது. இடம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குளம். அங்கே கிடங்கு வரப்போகிறது. விடுமுறை முடிந்து முதல் திங்கட்கிழமை மண்ணடிக்கப்போகிறார்கள். மூன்று மாதம் முன்பு அறிக்கை கொடுத்தவர்களும் நாங்கள்தான். சாதாரணத் தவளை இரண்டு வகை, ஊசித்தவளை இல்லை.

"மூடப்போற குளத்துல போய் எதுக்கு சார் பிள்ளைங்களுக்குப் பாடம்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்லேர்ந்து பத்து நிமிஷம்மா. கிடங்குக்காரரே பர்மிஷன் கொடுத்துட்டாரு. போட்டோ நல்லா வரும்."

நடை அன்று மதியம் மழை பெய்து விட்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் வந்தார்கள். நான் பேனரை வேலியில் கட்டிவிட்டுச் சேற்றில் வழுக்காமல் நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளம் முழுக்க ஒரே சத்தம். அக்கா பிள்ளைகளைக் கரையில் வரிசையாக நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார். எத்தனை விதமான குரல் கேட்கிறதோ அத்தனை விரல் நீட்ட வேண்டும். பிள்ளைகளிடம் பேசும்போது அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தார். அநேகமாக எல்லாக் கையிலும் மூன்று விரல்.

"நல்லா கேட்டுச் சொல்லுங்க கண்ணுங்களா. ரெண்டுதான் இருக்கும்."

"மூணு ஆன்ட்டி" என்றாள் முன்பல் விழுந்த ஒரு பெண். "ஒண்ணு டொக்கு டொக்குன்னு கத்துது. ஒண்ணு கரகரன்னு. இன்னொண்ணு ட்ஸி ட்ஸின்னு மெல்லிசா கத்துது."

"அது பூச்சியா இருக்கும்மா."

அந்தப் பெண் விடுகிற ஜாதியில்லை. நேராகக் கரையோரப் புல்லுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் புல்லை விலக்கினாள்.

"இதோ. இது பூச்சியா?"

அக்கா போய்ப் பக்கத்தில் முட்டிபோட்டார். நானும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு புல்தாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகம் அளவு தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. தொண்டையில் பை ஊதிப் பெரிதாகிச் சுருங்கியது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் என் காதில் சுரீரென்று இறங்கியது. அக்காவின் முகத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"இப்ப கத்துதா?" திரும்பாமல் என்னைக் கேட்டார்.

"கத்துதுக்கா."

தொண்டை மறுபடி ஊதியது.

"இப்ப?"

"இப்பவும்தான்."

"உனக்கு நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுக்கா."

நான் வந்ததிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சுவர்க்கோழியோ ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். அறிக்கையில் நூறு தடவை அந்தப் பெயரை அடித்திருக்கிறேன், அதன் குரல் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

அக்கா எழுந்தார். முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டாமல் பிள்ளைகளிடம் வந்து, "மூணுதான். நீங்க சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்றார். பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்த அட்டையில் எழுதியிருந்த இரண்டை அடித்து மூன்று என்று போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பவர்பாயிண்ட், "சூப்பர்க்கா, அப்படியே இந்தப் பக்கம் பாருங்க" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அக்கா பவர்பாயிண்டின் அறைக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள்தான். மேசை மேல் பரிசுக் கூடைகள் அடுக்கியிருந்தன.

"எனக்குக் காது கேக்கல சார். மெல்லிசு சத்தம் எதுவும் விழல. குளத்துல ஊசித்தவளை இருக்கு. நான் இல்லைன்னு எழுதிட்டேன். அவர் போனப்புறம் பதினோரு அறிக்கை கொடுத்திருக்கேன், பதினொண்ணும் தப்பா இருக்கலாம். எல்லாருக்கும் கடிதம் போடணும்."

பவர்பாயிண்ட் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன், பயந்த மனுஷன். பதினோரு அறிக்கையிலும் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

"லீவு முடிஞ்சு வந்து பார்த்துக்கலாம்க்கா. இப்ப என்ன அவசரம்?"

"திங்கட்கிழமை மண்ணடிச்சுருவாங்க."

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு சின்னத் தவளை. நாமளா சொன்னாத்தான் உண்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்களே எல்லாருக்கும் சொல்லிட்டீங்க சார்" என்றேன். காலையில் என் போனுக்கும் வந்திருந்த விடுமுறை வாழ்த்தை எடுத்துக் காட்டினேன். படத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், முன்பல் விழுந்த பெண் கையை நீட்டிக் காட்டுகிறாள், அந்த விரலுக்கு நேராகப் புல்தாளில் தெள்ளத் தெளிவாக ஊசித்தவளை. கீழே ‘இயற்கையோடு இணைவோம்’ என்று நிறுவனத்தின் பெயரோடு அச்சாகியிருந்தது. அது என்ன தவளை என்று தெரியாமலே முந்நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறார், கிடங்குக்காரர் உட்பட.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, இந்தக் குளத்துக்கு மட்டும் புதுசா வந்திருக்குன்னு எழுதிடலாம்" என்றார்.

"பதினொண்ணுக்கும் எழுதணும் சார்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. கடையில் சாமான் பட்டியல் சொல்வது மாதிரி சொன்னார்.

"சும்மா காது கேக்கலன்னு எழுத முடியுமாக்கா? நாளைக்குக் கிடங்குக்காரன் கேப்பான், எப்பலேர்ந்து கேக்கலன்னு. டாக்டர் சர்டிபிகேட் இருக்கா, தேதி இருக்கா? அது இல்லாம எழுதினா நம்மளைத்தான் பைத்தியம்பான்."

அவர் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். அக்கா, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். நான் ஆட்டோ பிடித்தேன்.

காது பரிசோதனை செய்யும் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அக்காவை உள்ளே உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும், அமுக்கினால் வெளியே ஒரு விளக்கு எரியும். நான் வெளியே டாக்டரம்மாவுக்குப் பின்னால் நின்றேன். முதலில் அக்கா அமுக்கிக்கொண்டே இருந்தார், விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு விளக்கு எரிவது குறைந்தது. பிறகு எரியவே இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு குமிழாகத் திருகிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா, குளத்தங்கரையில் நிற்பதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு, பட்டனில் விரலை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துக் காட்டினார். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு பாதிவரை நேராக வந்து, படியில் தடுக்கி விழுந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"இது எப்ப ஆரம்பிச்சிருக்கும் டாக்டர்? தேதி வேணும்" என்றார் அக்கா. "ஒரு வருஷமா?"

"ஒரு வருஷத்துல இவ்வளவு இறங்காதும்மா. இது மெதுவா வர்றது. அஞ்சு, ஆறு வருஷமாவது ஆகியிருக்கும். முதல்ல கீச்சுன்னு வர்ற மெல்லிசு சத்தம் போகும். அப்புறம் பேச்சு தேய ஆரம்பிக்கும். உயிரெழுத்து காதுல விழும், மெய்யெழுத்துல பாதி விழாது. எதிர்ல இருக்கறவங்க வாய்க்குள்ளயே முணுமுணுக்கற மாதிரி இருக்கும். வீட்டுல யாரும் சொல்லலையா?"

"வீட்டுல யாரும் இல்ல" என்றார் அக்கா.

"காது மிஷின் வச்சுக்கலாம். பேச்செல்லாம் நல்லாவே கேக்கும்."

அக்கா தலையாட்டினார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஆட்டிய அதே தலையாட்டல். ஆட்டோவில் திரும்பும்போது தாளைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அறிக்கைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் என்றால் பதினொன்று இல்லை. அலுவலகத்துக்கு வந்து அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்துமூன்று.

மறுநாள் விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். காலையிலிருந்து அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அலங்காரமெல்லாம் ஒன்றும் இல்லை. ‘கீழ்க்கண்ட இடங்களில் ஊசித்தவளை இல்லை என்று நான் எழுதியது, எனக்குக் கேட்காததால் எழுதியது. இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது.’ அதன் கீழே நாற்பத்துமூன்று இடங்களின் பட்டியல். இந்தத் தடவை நான் எதையும் கீழே இழுக்கவில்லை, ஒவ்வொன்றாக அடித்தேன். பாதிக்கு மேல் இன்றைக்குப் போய் நின்றால் சிமெண்ட் தரைதான். ஒன்றில் என் தங்கை குடியிருக்கிறாள்.

பவர்பாயிண்ட் வந்து படித்தார். நாற்பத்துமூன்றைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இது போனா உங்க பேரு போயிடும். இனிமே உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க. என்னையும்தான்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னார்.

"தெரியும் சார்" என்றார் அக்கா. கையெழுத்துப் போட்டார். பவர்பாயிண்டும் அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அது மட்டும் நான் எதிர்பார்க்காதது.

மூன்று மணிக்குக் கடிதங்கள் மின்னஞ்சலில் போயின. நாலரைக்குக் கிடங்குக்காரரிடமிருந்து ஒருவரிப் பதில் வந்தது. திங்கட்கிழமை மண்ணடிப்பதை நிறுத்திவைக்கிறார்களாம், மறுபடி ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டுமாம், ஆனால் எங்களை இல்லை. நான் அதை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சரி" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போலவும் இல்லை, அழ வேண்டும்போலவும் இல்லை. ஏதோ ஒரு கோப்பு முடிந்தது போல இருந்தது.

எல்லோரும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். நான் கணினியை அணைத்துவிட்டுப் பார்த்தால் அக்கா எழுந்திருக்கவில்லை. மேசையில் அந்தக் காதுத் தாள் விரித்திருந்தது.

"கிளம்பலையாக்கா?"

அவர் என் வாயைப் பார்த்தார். அவர் இப்படித்தான் ரொம்ப நாளாகப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆறு வருஷம்ன்னா, அவர் இருக்கும்போதே காது போயிருக்கு" என்றார்.

நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கடைசி நாலஞ்சு வருஷம் அவர் சரியாவே பேசல தையல். அப்படித்தான் நான் நினைச்சேன். எதைச் சொன்னாலும் வாய்க்குள்ளயே சொல்றாருன்னு அவ்வளவு சண்டை. கட்டினவகிட்ட வாயத் திறந்து பேச என்ன கேடுன்னு கேட்டிருக்கேன். அவர் சத்தம் போடற ஆளு இல்ல. ரெண்டு தடவை சொல்லிப் பார்ப்பாரு, மூணாந்தடவை விட்டுடுவாரு. அப்புறம் பேச்சையே குறைச்சுட்டாரு. நானும் வீம்புக்குக் குறைச்சுட்டேன். டிவிதான் ஓடும்."

சொல்லும்போது முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சாமான் பட்டியல் குரல்தான்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாள், கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னாரு. எனக்குப் புரியல. என்னன்னு கேட்டேன். மறுபடி சொன்னாரு. இன்னொரு தடவை கேட்டா மூச்சு வாங்குமேன்னு, சரி சரி, தூங்குங்கன்னுட்டேன். தூங்கிட்டாரு."

நாற்பத்துமூன்று பேருக்குக் கடிதம் போட்டாயிற்று, இதை யாருக்கு எழுதுவது?

அக்கா தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். எழுந்து விளக்கை அணைக்கக் கை நீட்டியவர், அப்படியே நின்றார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் படுத்திருந்தாரு. அவ்வளவு கிட்ட. இவர் சொன்னது அந்த ஆளுக்குக் கேட்டிருக்கும், இல்ல?"

அக்காவுக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, "கேட்டிருக்கும்க்கா" என்றேன்.